பொட்டு வைத்த பெரும்பான்மை

கடலுக்கு அடியில் அறுபது மீட்டர் ஆழத்தில் கோபப்படுவதைப்போல வீணான வேலை வேறில்லை. அங்கே சுவாசிக்கக் கொடுக்கிற காற்றில் பெரும்பகுதி ஹீலியம். ஹீலியத்தில் பேசினால் எப்பேர்ப்பட்ட கட்டைக் குரலும் வாத்துக் குரலாகிவிடும். ஆகையால் சுடலைமுத்து கழுத்து நரம்பு புடைக்கக் கத்தியபோதும், குளத்தங்கரையில் வாத்துகள் மீனுக்கு அடித்துக்கொள்வதுபோலத்தான் இருந்தது.

"நானும் பாக்கேன் பாய், ஊறுகா பாட்டிலை ஒரு நாளாவது மூடுதீரா? மூடுதப்போ மட்டும் உமக்குக் கை சுளுக்கிக்கிடுமோ?"

"மூடினேன். இந்தக் கையாலதான் மூடினேன். நீ திறந்து வச்சுட்டு என்னையச் சொல்றியா?" என்றார் காஜா முகைதீன்.

அவர்தான் அந்த நிலையத்தின் தலைவர். காயல்பட்டினத்துக்காரர். எத்தனையோ வருஷ முக்குளிப்பில் ஒருவரிடமும் குரல் உயர்த்தாதவர் என்று பேர் வாங்கியவர். அந்தப் பேரை ஓர் எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் கெடுத்துவிட்டது.

உலகநாதன் தன் படுக்கையில் உட்கார்ந்து ஸ்க்ரூடிரைவர்களை உயர வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தான். அடுக்கியதும் கலைத்துவிட்டு அகல வரிசையில் அடுக்கினான். அதுவும் பிடிக்கவில்லை. எழுந்தான், உட்கார்ந்தான், காலை ஆட்டினான். ஒரு வாரமாக இப்படித்தான். உடம்புக்குள் யாரோ பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல ஒரு பரபரப்பு. அவன் இங்கே கருவியாளன். சொந்த ஊர் கோவில்பட்டி. தண்ணீர் லாரியைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுகிற ஊரில் பிறந்தவன், நாலு பக்கமும் தண்ணீர் சூழக் குடித்தனம் நடத்துவது யாருடைய வேடிக்கை என்று அவனுக்கே தெரியாது. உலகநாதன் என்று பெயர் வைத்த அப்பாவும், மகன் உலகத்துக்கு அடியில் குடியிருப்பான் என்று எண்ணியிருக்க மாட்டார்.

மன்னார் வளைகுடாவில் வரிசையாகக் காற்றாலைகளை நட்டிருந்தார்கள். அவற்றின் கால்களில் விரிசல் பார்த்து வெல்டிங் அடிக்கிறதுதான் வேலை. கடலின் அழுத்தம் எவ்வளவோ அதே அழுத்தத்தில் ஓர் இரும்பு அறை. அதற்குள்ளேயே வாரக்கணக்கில் தூக்கம், சாப்பாடு, சண்டை எல்லாம். கம்பெனி அதற்கு எண்ணும் எழுத்துமாக நீளப் பெயர் வைத்திருந்தது. இவர்கள் 'குடம்' என்பார்கள். நினைத்தபோது மேலே ஏறிவிட முடியாது. குலுக்கின சோடா பாட்டிலைப் படாரென்று திறந்த கதையாக ரத்தம் நுரைத்துவிடும். அழுத்தத்தை நாள்கணக்கில் இறக்கித்தான் வெளியே வர வேண்டும்.

மேல் படுக்கையில் அமலோற்பவம் இருமினாள். வறட்டு இருமல். நாலு பேரில் அவள்தான் சிறந்த முக்குளிப்பவள். தூத்துக்குடிக் கடற்கரைப் பெண். தண்ணீருக்குள் அவள் கை நடுங்கினதாக யாரும் சொன்னதில்லை.

"அமலி, தண்ணி வேணுமா?" என்றான் உலகநாதன்.

"வேண்டாம்ணே. நெஞ்சுக்குள்ள மொளகாப்பொடி தூவின மாதிரி இருக்கு. மூச்சை முழுசா இழுக்க முடியல, பாதியில தட்டுது." வேறு யாருக்கும் கேட்காதபடி குனிந்து சொன்னாள். "மேல சொல்லிராதீங்க. நுரையீரல்ல தழும்புன்னு ஒரு டாக்டர் எழுதிட்டான்னா அப்புறம் என்னைய யாரும் தண்ணிக்குள்ள விட மாட்டான். எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுண்ணே. தரையில நான் சும்மா ஒரு பொம்பளை."

"தரையில நானும் சும்மா ஒரு ஆம்பளைதான். தண்ணியிலயும் அப்படித்தான்," என்றான் உலகநாதன். அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

தினமும் கரையிலிருந்து தாட்சாயணி பேசுவாள். கட்டுப்பாட்டு அறைப் பொறியாளர். ஈரோட்டுப் பக்கம். அவளுடைய மேஜையில் ஒரு குரல் மாற்றி உண்டு. அது வாத்துகளை மனிதர்களாக்கிக் கொடுக்கும்.

"வணக்கமுங்ணா. மூணாவது செல்லு இன்னிக்கும் தப்பாக் காட்டுதுங்களே?"

"ஆமா மேடம். நாப்பது இருக்க வேண்டிய எடத்துல நூத்திப் பத்துங்குது. இதோட மூணு செல் மாத்தியாச்சு. கையில இருந்த உதிரியும் தீந்து போச்சு. பூராவும் ஒரே பெட்டியில வந்தது, அந்தப் பெட்டியே கோளாறு போலருக்கு."

அவர்கள் பேசினது ஆக்ஸிஜனைப் பற்றி. ஆக்ஸிஜன் குறைந்தால் ஆள் மயங்குவான். கூடினால் அதுவே நுரையீரலைத் தின்னும், நரம்பைச் சீண்டும். அதன் அழுத்தத்தை அளக்கக் குடத்தின் சுவரில் மூன்று செல்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் நாணய அளவு. மூன்றும் வாக்களிக்கும். எந்த இரண்டு ஒத்துப்போகிறதோ அதுதான் உண்மை. மாறிச் சொல்கிற மூன்றாவதைப் பிழை என்று ஒதுக்கிவிட்டு, அந்த இரண்டின் பேச்சைக் கேட்டு ஆக்ஸிஜன் தானாகத் திறக்கும், தானாக மூடும். வால்வுகள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தன. மனிதன் தொடக்கூடாது என்றே அப்படிக் கட்டியிருந்தார்கள். இதற்குப் பெயர் மூவர் விதி.

"மேடம், ஒரு பேச்சுக்குக் கேக்கேன். பெரும்பான்மையே தப்பா இருந்தா?"

"அப்படி இருக்காதுங்ணா."

"ஒரு பேச்சுக்குத்தான்."

"விதியை நிறுத்தறதுன்னாக் குழு கூட்டணுங்க. ஏழு பேரு. அதுல மூணு பேரு இப்ப வெளிநாட்டுல இருக்காங்க." அவள் குரல் தாழ்ந்தது. "என்ற மேஜையில நெறையப் பட்டன் இருக்குதுங்ணா. இதுக்கு மட்டும் கிடையாது. ஏனுங்க, அங்க எல்லாரும் நல்லாத்தான இருக்கீங்க?"

உலகநாதன் திரும்பிப் பார்த்தான். சுடலைமுத்துவின் மேலுதடு ஒரு பக்கமாகத் துடித்துக்கொண்டிருந்தது. ரெண்டு நாளாகவே அப்படித்தான். அவன் தன்னைப் பார்த்து நக்கலாகச் சிரிக்கிறான் என்று பாய் நினைத்துக்கொண்டிருந்தார். பாதிச் சண்டைக்கு அதுதான் காரணம்.

"நல்லாத்தான் இருக்கோம் மேடம். பாசமாத்தான் இருக்கோம்."

பேசி முடித்துவிட்டு மூன்றாவது செல்லை மறுபடி பார்க்கப் போனான். அது அமலியின் தலைமாட்டில், சுவரோடு சுவராக இருந்தது. அவள் ஒதுங்கி இடம் கொடுத்தாள்.

"இதுக்கு மட்டும் ஏண்ணே பொட்டு வைக்கல?"

"எதுக்கு?"

"ஆயுத பூசை அன்னைக்கு. குடத்துல உள்ள அத்தனைக்கும் வச்சீங்க. என் ஹெல்மெட்டுக்குக்கூட வச்சிருக்கு. இதுக்கு மட்டும் இல்ல. நான் தூங்கிட்டு இருந்தேன்னு விட்டுட்டீங்களோ?"

உலகநாதனின் கையிலிருந்த டார்ச் அப்படியே நின்றது.

ஆயுத பூஜை போன வாரம். நெருப்பு கூடாது என்பதால் சூடத்துக்குப் பதில் டார்ச் லைட்டைச் சுற்றினார்கள். தேங்காய் உடைக்க வேண்டிய அவசியமே வரவில்லை; மேலிருந்து அனுப்பிய தேங்காய் வருகிற வழியில் அழுத்தம் தாங்காமல் தானாகவே உடைந்து வந்து சேர்ந்தது. "சாமி கேக்காமலே எடுத்துக்கிட்டு அண்ணாச்சி!" என்று சுடலைமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டான். பாய் பொரியை அள்ளித் தின்றுகொண்டே, "என் வெல்டிங் துப்பாக்கியை விட்டுறாதலே, அதுக்கும் ஒண்ணு வை," என்றார். சந்தனம் குழைத்து, அதன்மேல் குங்குமம். ஒவ்வொரு கருவிக்கும். செல்களுக்கு வரும்போது சுடலைமுத்து எண் தெரிகிற இடத்தில் வைக்கப் போனான். "ஏ, அங்க வைக்காதே, நம்பர் மறைஞ்சிரும். கீழ அந்த வட்டத்துல வை," என்று அவன் கையைப் பிடித்துக் கவனமாக நகர்த்தினது உலகநாதன்தான். கருவியாளன் அல்லவா.

அந்த வட்டம்தான் செல்லின் மூக்கு. காற்று உள்ளே போகிற ஒரே வழி.

சந்தனத்தில் காற்றுத் துளை அடைபடும். குங்குமத்தில் சுண்ணாம்பு இருக்கிறது. ஈரத்தோடு சேர்ந்து அது உள்ளே இருக்கிற ஜவ்வை அரித்திருக்கும். இரண்டு செல்களும் நாளுக்கு நாள் குறைத்துச் சொல்லியிருக்கின்றன. குறைகிறதென்று நம்பிக் குடமும் ஆக்ஸிஜனை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. பொட்டு வைத்துக்கொண்ட இரண்டும் ஒரே மாதிரிப் பொய் சொன்னதால் அது பெரும்பான்மை. பொட்டில்லாதது உண்மை சொன்னது. அதை அவன் மாற்றினான். அடுத்து வந்ததும் உண்மை சொன்னது. அதையும் மாற்றினான். உண்மை பேசின குற்றத்துக்காக வரிசையாக வேலையை விட்டுத் தூக்கியிருக்கிறான்.

டார்ச் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தான். விரல்கள் தாமாகவே துள்ளின.

அவன் சொல்லி முடித்தபோது முதலில் சுடலைமுத்துதான் வாய் திறந்தான். "அப்போ என் உதடு..."

"ஆக்ஸிஜன்."

"பாய்! கேட்டீரா? நான் உம்மை நக்கல் பண்ணல!"

"இப்ப அதுவாடா முக்கியம்?" என்றார் பாய். முகம் வெளுத்திருந்தது. "துடைச்சு விட்டுர்றதுதான?"

"துடைச்சுப் பாத்துட்டேன் பாய். மேல உள்ளது போச்சு, உள்ள இறங்கினது இறங்கினதுதான். கழட்டவும் முடியாது. நல்லா இருக்குன்னு நம்புத செல்லைக் கழட்டினா குடம் பயந்துபோய் ஆக்ஸிஜனை இன்னும் திறந்து விட்டுரும்."

"அவசர முகமூடி?"

"ஒரு நாளைக்குக்கூடக் காணாது. கடல் கொந்தளிச்சுக் கிடக்கு, புதுச் செல்லு கொண்டுட்டு வார படகு கெளம்பவே இல்லையாம்."

அமலி இருமினாள். எல்லோரும் இருமல் முடிகிற வரை காத்திருந்தார்கள். அது முடிய நேரமானது.

"பாய், ஒரு வழி இருக்கு," என்றான் உலகநாதன். "ஆனா உமக்குப் பிடிக்காது."

அவன் அமலியின் கையுறையை எடுத்து வந்தான். முக்குளிப்பவர்கள் நட்டை எவ்வளவு விசையோடு முறுக்குகிறார்கள் என்று அளக்க, அதன் விரல் நுனிகளில் மெல்லிய தாள் ஒன்று உண்டு.

"இந்தத் தாளும் அந்தச் செல்லும் ஒரு தாய்ப் பிள்ளைக. ரெண்டு தகடு, நடுவுல ஈர ஜவ்வு. ஒரு பக்கம் அழுத்தினா அயனியெல்லாம் மறுபக்கம் ஓடும், மின்சாரம் பிறக்கும். அழுத்துதது காத்தா, கைவிரலான்னு அதுக்குத் தெரியாது. நாம கட்டைவிரலை வச்சு அளவா அழுத்தினா, அடைபட்ட காத்துக்குப் பதிலா நம்ம விரல் ஓட்டுப் போடும். மூணாவது செல்லு என்ன சொல்லுதோ அதே நம்பர் வார வரைக்கும் அழுத்தணும். அப்போ மூணும் ஒத்துப் போகும். குடம் தானா ஆக்ஸிஜனை மூடும். நாம மூச்சு விட விட அளவு குறையும்."

"கருவியை ஏமாத்துறோம்," என்றார் பாய்.

"ஆமா."

"தம்பி, விபத்து நடந்த அந்தப் பழைய நிலையத்துல நான் இருந்தேன். எல்லாருக்கும் தெரியும். அங்க தலைவரா இருந்தவன் நல்லவன், படிச்சவன். 'கருவி தப்பு, எனக்குத் தெரியும்'னான். இதே மாதிரி, இவ்வளவு தெளிவா, அழகா விளக்கினான். கருவியை அணைச்சான். ரெண்டு பேர் மவுத்தாப் போனாங்க. அதனாலதான் இந்த விதியே வந்துச்சு." அவர் உலகநாதனின் துள்ளுகிற விரல்களைப் பார்த்தார். "நீ சொல்றபடியே பாத்தாலும் நம்ம நாலு பேர் மூளையும் இப்ப சரியில்ல. சரியில்லாத மூளை, கருவி சரியில்லன்னு சொல்லுது. நான் எதை நம்ப?"

உலகநாதனுக்கும் அந்தக் கேள்வி சரியென்றே பட்டது. வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் அவனுக்கு ஒரு வேடிக்கைப் பேச்சு வரும், வரவில்லை. குறுக்கும் நெடுக்கும் நடந்தான். குடத்தில் நடக்க நாலு எட்டு எடுத்து வைக்கத்தான் இடம், அதற்குள் இரண்டு தடவை தலையை இடித்துக்கொண்டான். இரண்டாவது இடியில்தான் குப்பைப் பெட்டி ஞாபகம் வந்தது.

கழற்றிப் போட்ட மூன்று செல்களையும் பொறுக்கி எடுத்தான். ஒதுக்கப்பட்டவற்றைக் குடம் திரும்பச் சேர்க்காது. ஆனால் கைமீட்டரில் மாட்டிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. ஒவ்வொன்றாக மாட்டினான். பாயின் முகத்துக்கு நேராக மீட்டரைப் பிடித்தான்.

நூற்றிப் பதினாறு. நூற்றிப் பதினைந்து. நூற்றிப் பதினாறு.

"சுவர்ல இருக்கிறதையும் சேத்தா நாலு," என்றான். "பாய், என் மூளையை நம்ப வேண்டாம். எண்ணிக்கையைப் பாரும். அங்க ரெண்டு பேர், இங்க நாலு பேர். என்ன, இவங்களுக்கு ஓட்டுரிமைதான் இல்ல."

பாய் மீட்டரை வாங்கித் தானே மூன்றையும் மறுபடி மாட்டிப் பார்த்தார். பிறகு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலாவது செல்லுக்கு எதிரே போய் உட்கார்ந்தார்.

"விரலை எங்க வைக்கணும்?"

சொல்வது சுலபம். முதலாவது செல்லும் இரண்டாவதும் நடைவழியின் இரண்டு பக்கச் சுவர்களில் எதிரெதிராக இருந்தன. ஒருவர் கால்முட்டி இன்னொருவர் முட்டியில் இடிக்க, ஆளுக்கொரு சுவரில் கட்டைவிரலை வைத்து ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டும். இத்தனைக்கும் உடம்பிலுள்ள ஒவ்வொரு நரம்பும் ஓடு ஓடு என்று விரட்டுகிற நேரம். கொஞ்சம் கூட அழுத்தினால் எண் எகிறும், கொஞ்சம் தளர்ந்தால் விழும், விழுந்தால் குடம் கீச்சென்று அலறும். முதல் முறைக்கு அமைந்த ஜோடி, பாயும் சுடலைமுத்தும்.

"முட்டியை நகட்டும் பாய், குத்துது."

"என் முட்டி என் எடத்துலதான் இருக்கு. உன் முட்டிதான் நீளம்."

"நூத்திப் பன்னெண்டு! அழுத்தும், அழுத்தும்! பேசுதப்போ உமக்கு விரல் தளருது."

"அப்ப பேசாம இரேன்டா."

சுடலைமுத்து பேசாமல் இருந்தான். அவன் வாழ்நாளிலேயே அதிக நேரம் பேசாமல் இருந்தது அப்போதுதான். பிறகு மெதுவாகச் சொன்னான். "பாய். ஊறுகா நான்தான் தொறந்து வச்சேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சண்டை போட்டீரு?"

"வேற என்ன செய்யச் சொல்றே? சும்மா உக்கார முடியலையே!"

மூன்று எண்களும் சேர்ந்து வந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு வால்வு டொக்கென்று மூடிக்கொண்டது. நாலு பேருக்கும் கேட்டது. யாரும் கை தட்டவில்லை. இரண்டு பேருக்குக் கை ஒழியவில்லை.

அளவு இறங்கத் தொடங்கியது. இறங்குகிறபடியெல்லாம் விரலையும் தளர்த்திக்கொண்டே வர வேண்டும், ஆனால் எடுத்துவிட முடியாது. நாற்பதுக்கு வந்தபின்னும் அழுத்தினால்தான் நாற்பது. படகு வருகிறவரை நிறுத்த வழியில்லை. முறை போட்டார்கள். தூங்கினார்கள், எழுந்தார்கள், முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். சுடலைமுத்துவின் உதடு அடங்கியது. உலகநாதனுக்கு ஸ்க்ரூடிரைவர்களைப் பற்றின கவலை விட்டுப்போனது. பாயின் கட்டைவிரல் வீங்கிப் போனது. அமலிக்கு மட்டும் முறை இல்லை என்று மூவரும் சேர்ந்து தீர்மானித்திருந்தார்கள். அவள் அந்தத் தீர்மானத்தை மதிக்கவில்லை. ஒரு காலைப்பொழுதில் உலகநாதன் உட்கார்ந்தபடியே கண்ணசந்தபோது, அவன் விரலைச் சத்தமில்லாமல் நகர்த்திவிட்டுத் தன் விரலை வைத்துக்கொண்டாள். அவன் விழித்தபோது இருமலை அடக்கி அடக்கி அவள் கண்ணில் நீர் நின்றது. எண் நாற்பதிலேயே இருந்தது.

"ஏ கிறுக்கி, எந்திரி."

"இருக்கட்டும்ணே. நட்டு முறுக்குத கை, ஆடாது."

அன்றைக்குத் தாட்சாயணி பேசினாள். வழக்கமாக எண்களில் தொடங்குபவள் அன்று எதிலும் தொடங்கவில்லை.

"புயல் நாளைக்குக் கரையேறிருங்ணா. படகு தயாரா இருக்குது."

"சந்தோஷம் மேடம்."

"அப்பறமுங்... ஒண்ணாவது செல்லுலயும் ரெண்டாவது செல்லுலயும் ஒரு சின்ன அலை தெரியுதுங்க. ரொம்பச் சின்னது. எண்ணுல வராது, கோட்டைப் பெரிசாக்கிப் பாத்தாத்தான் தெரியும்."

உலகநாதன் மைக்கருகே குனிந்தான். "அலையா?"

"ஆமாங்க. நிமிஷத்துக்கு ஒரு எழுபது, எழுபத்தஞ்சு வாட்டி. சில சமயம் மெதுவா. ஆளுக்கு ஆள்... அதாவது, நேரத்துக்கு நேரம் மாறுது. முதல் மணி நேரத்துலயே பாத்துட்டேனுங்க. கடல் அலையோட அதிர்வுன்னு குறிச்சு வச்சிருக்கறேன்."

கட்டைவிரல். விரலுக்குள் ரத்தம், ரத்தத்தில் நாடி. விசையை அளக்கிற செல்லுக்கு, அழுத்துகிற விரலின் துடிப்பு மட்டும் தெரியாமல் போகுமா? இது தோன்றாத தானும் ஒரு கருவியாளன் என்று உலகநாதன் தன்னையே மெச்சிக்கொண்டான். இத்தனை நாளும் நாலு பேரின் இதயமும் கரையில் ஒரு திரையில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பட்டன் இல்லாத ஒருத்தி அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"கடல் அலை அறுபது மீட்டர் ஆழத்துக்கு வராதே மேடம்," என்றான்.

"வராதுங்க. எனக்கும் தெரியும். இன்னிக்குக் காலைல ஒரு அலை நிமிஷத்துக்கு நூத்திப் பத்து வாட்டி ஓடுச்சு. நடுவால நடுவால தூக்கித் தூக்கிப் போட்டுச்சுங்க, இருமற மாதிரி. அண்ணா, அந்த அலையக் கொஞ்சம் படுத்துத் தூங்கச் சொல்லுங்க. மத்ததெல்லாம் நல்லா இருக்குது."

படகு வந்தது. புதுச் செல்கள் இறங்கின. பொட்டு வைத்த இரண்டையும் உலகநாதன் முறைப்படி கழற்றினான். மேலே ஏறுவதற்காக அழுத்தம் சிறிது சிறிதாக இறங்கத் தொடங்கியது. அமலியின் இருமல் வற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மூச்சை ஆழமாக இழுக்க அவள் பயந்தாள். பாதியோடு நிறுத்திக்கொண்டாள். தட்டிவிடுமோ என்று முயன்று பார்க்கவே இல்லை.

அப்போதுதான் தலைமை அலுவலகத்தின் வாழ்த்து வந்தது. புயலிலும் மூவர் விதி துளி பிசகாமல் நிலையத்தைக் காப்பாற்றியிருக்கிறது. இதே முறையை இன்னும் பன்னிரண்டு நிலையங்களில் பொருத்தப் போகிறார்கள். அங்கே ஆள்களையும் குறைத்துவிடலாம், நிலையத்துக்கு ஒருவர் போதும்.

"ஒருத்தரா?" என்றாள் அமலி. "ரெண்டு சுவத்துக்கும் ஒருத்தனுக்குக் கை எட்டாதே."

யாரும் சிரிக்கவில்லை.

"சொல்லிரலாம்," என்றான் உலகநாதன்.

"அண்ணாச்சி, சும்மா இரும்," என்றான் சுடலைமுத்து. "குங்குமத்தால வந்ததுன்னு சொன்னா ஊரே சிரிக்கும். உம்ம சீட்டு கிழியும். அதுக்குப் பெறவு நம்ம ஊர்க்காரன் எவனையும் கடலுக்குள்ள எடுக்க மாட்டான். அந்தப் புள்ள அங்க அலைன்னு எழுதிச்சே, அதையும் சேத்து வீட்டுக்கு அனுப்புவான்."

உலகநாதன் பாயைப் பார்த்தான். பாய் தன் வீங்கின விரலைத் தடவிக்கொண்டிருந்தார். "விதி தவறலன்னு எழுதியிருக்கான். தவறிச்சு. நாமதான் முட்டுக் கொடுத்து நிறுத்துனோம். அங்க பொட்டு வேணாம், கடல் உப்பு ரெண்டு செல்லுல ஏறினாப் போதும். ஒத்தையா ஒருத்தன் உள்ள இருமிக்கிட்டு இருப்பான்." நிமிர்ந்தார். "சொல்லு தம்பி. ஆனா முதல்ல கரையில இருக்கிற அந்தப் பிள்ளைகிட்டக் கேட்டுக்க."

கரையை அழைத்தான்.

"மேடம், இந்தப் பேச்செல்லாம் பதிவாகுதுல்லா?"

"ஆகுதுங்ணா."

"நான் ஒரு விஷயம் சொல்லலாம்னு இருக்கேன். சொன்னா அது உங்க மேலயும் வந்து விழும். வேண்டாம்னா இப்பமே சொல்லிருங்க. நான் வானிலையைப் பத்திக் கேட்டுட்டு வச்சிருதேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. கதவு சாத்துகிற சத்தம். திரும்பி வந்து உட்கார்கிற சத்தம்.

"வானிலை நல்லா இருக்குதுங்ணா," என்றாள் தாட்சாயணி. "நீங்க விஷயத்தைச் சொல்லுங்க."

அவன் தன் பெயரைச் சொல்லித் தொடங்கினான். குங்குமம், வட்டம், தான் நகர்த்திவிட்ட கை, வேலையை விட்டுத் தூக்கின மூன்று செல்கள், கட்டைவிரல். எதையும் வேடிக்கையாகச் சொல்லவில்லை. வாத்துக் குரலில் அதற்கு அவசியமும் இல்லை. அவன் முடித்ததும் பாய் மைக்கை வாங்கித் தன் பெயரைச் சொன்னார், அனுமதித்தது தான் என்றார். சுடலைமுத்து தலையில் அடித்துக்கொண்டு வந்து, "சுடலைமுத்து. ரெண்டாவது செல்லு. பெரும்பாலும் நான்தான்," என்றான். கரையிலிருந்து தாட்சாயணி தன் பெயரைச் சொல்லி, அந்த அலை கடலுடையது அல்ல என்றாள்.

பிறகு எல்லோரும் அமலியைப் பார்த்தார்கள். அவள் பேச வேண்டியதில்லை. பேசினால் நெஞ்சின் விஷயம் வெளியே வரும், டாக்டர் வருவார். உலகநாதன் மைக்கை மூடப் போனான். அவள் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

நீளமாகச் சொல்ல வேண்டியிருந்தது போலும். கண்ணை மூடி, தண்ணீருக்குள் இறங்குமுன் செய்வதுபோல மூச்சை இழுத்தாள். பாதிக்கு வந்தது. மூன்று ஆண்பிள்ளைகளும் தங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாதியைத் தாண்டியது. இன்னும் போனது. தோள்பட்டைகள் உயர்ந்தன, விலா விரிந்தது. எங்கேயும் தட்டாமல் அடிவரைக்கும் போய்ச் சேர்ந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"என் பேரு அமலோற்பவம்," என்று ஆரம்பித்தாள்.